'கேர்ஃப்ரீ' என்னும் ஆங்கிலச் சொல்: பொருளும் தமிழ் வழக்கும்

முன்னுரை

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கும்போது கலைச்சொற்களே இடர் தருவன என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், கலைச்சொல்லுக்கு அகராதியும் துறை வல்லுநரும் துணை நிற்பர். எல்லாரும் அறிந்தவை என்று நாம் எண்ணும் எளிய சொற்களே பல வேளைகளில் நம்மைத் தவறான பொருளில் கொண்டு நிறுத்துகின்றன. 'கேர்ஃப்ரீ' அத்தகைய சொற்களுள் ஒன்று.

இச்சொல்லை ஆராய நம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சியாகும். இடைநிலைப் பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறிய மாணவன் ஒருவனுக்கு ஆங்கிலத்தில் நற்சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. அவனுடைய இயல்பைக் குறிக்க அதில் 'கேர்ஃப்ரீ' என்னும் சொல் ஆளப்பட்டிருந்தது. தந்தை தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர். பின்னர் லோரி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர். சான்றிதழில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுமாறு தமக்கு அறிமுகமான தமிழாசிரியை ஒருவரிடம் அவர் கேட்டிருக்கிறார். "கவலையில்லாத பையன் என்று எழுதியிருக்கிறார்கள்" என்று ஆசிரியை விளக்கியிருக்கிறார். தந்தையின் முகம் மாறிவிட்டது. "பொறுப்பில்லாத பையன்னு எழுதிட்டாங்களா, டீச்சர்?" என்று அவர் கேட்டாராம்.

தாம் செய்த மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை யாது என்று ஆசிரியை பின்னர் நம்மிடம் வினவினார். சொல்லுக்குச் சொல் நோக்கின் அதில் பிழை இல்லை. தந்தை அதைப் புரிந்துகொண்ட முறையிலும் பிழை இல்லை. இருவரும் தமிழைச் சரியாகவே கையாண்டனர். அவ்வாறாயின் ஒரு பாராட்டு எவ்வாறு பழிச்சொல்லாக மாறிற்று? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதன்பொருட்டு முதலில் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றையும், பின்னர் அதன் இன்றைய ஆட்சியையும், இறுதியாகத் தமிழில் 'கவலை' என்னும் சொல் நிற்கும் நிலைகளையும் நோக்குவோம்.

1. 'கேர்' என்னும் அடிச்சொல்

'கேர்ஃப்ரீ' என்பது 'கேர்', 'ஃப்ரீ' என்னும் இரு சொற்களால் ஆனது. இவற்றுள் 'கேர்' என்பது பழைய ஆங்கிலத்திலேயே வழங்கிய ஜெர்மானியச் சொல். அக்காலத்தில் அதன் முதன்மைப் பொருள் துயரம், மனவருத்தம் என்பதாகும். இன்றைய ஜெர்மன் மொழியில் புனித வெள்ளிக்கு வழங்கும் 'கார்ஃப்ரைடாக்' என்னும் பெயரின் முதற்பகுதி இதனோடு உறவுடையது. அங்கு அது புலம்பல், இரங்கல் என்னும் பழம்பொருளை இன்றும் தாங்கி நிற்கிறது.

துயரத்தைக் குறித்த சொல் காலப்போக்கில் கவலையைக் குறித்தது. கவலைக்குரிய ஒன்றின்மேல் மனம் செலுத்துவதால் கவனத்தைக் குறித்தது. கவனத்தோடு பேணுவதால் பராமரிப்பையும் குறித்தது. மருத்துவமனையில் நோயாளிக்கு அளிக்கப்படுவதும் 'கேர்'; தாய் உறக்கமின்றி அடைவதும் 'கேர்'. இவ்வாறு துயரம், கவலை, கவனம், பராமரிப்பு ஆகிய நான்கும் ஒரே சொல்லில் அடங்கியமையே பின்னர் எழுந்த குழப்பங்களுக்குக் காரணம் எனலாம்.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தையும் நீக்குதல் நன்று. ஒலியும் பொருளும் நெருங்கி நிற்பதால் 'கேர்' என்பது இலத்தீன் மொழியின் 'கூரா' என்னும் சொல்லிலிருந்து வந்தது என்று பலர் கருதுவர். இரண்டும் வேறு வேறு வேரினை உடையவை. 'கூரா'விலிருந்து வந்தது குணமாக்குதலைக் குறிக்கும் 'கியூர்' என்னும் சொல்லே. இலத்தீன் வழிவந்த சொற்களைப் பின்னர்த் தனியே நோக்குவோம்.

2. 'லெஸ்' ஈறும் 'ஃப்ரீ' ஈறும்

பழைய ஆங்கிலத்தில் கவலையின்மையைக் குறிக்க வழங்கிய சொல் இன்று நாம் 'கேர்லெஸ்' என்று கூறும் அதே சொல்லே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 'கேர்' என்பது முதன்மையாகத் துயரத்தையும் கவலையையும் குறித்த காலத்தில், அஃது இல்லாதவன் 'கேர்லெஸ்' எனப்பட்டான். அது பழிச்சொல் அன்று. ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தின் முதல் அங்கத்தில், ஆர்டன் காட்டில் வாழ்வோர் பொழுதைக் கழிக்கும் முறை பொற்கால மக்களின் வாழ்வோடு ஒப்பிடப்படுகிறது. அங்கு வரும் 'கேர்லெஸ்லி' என்னும் சொல்லுக்குக் கவலையின்றி என்பதே பொருள். கவனக்குறைவாக என்று அதனைப் பெயர்ப்பின் காட்சியே சிதைந்துவிடும்.

'கேர்ஃபுல்' என்னும் சொல்லின் நிலையும் இத்தகையதே. பழைய ஆங்கிலத்தில் அது துயர் நிறைந்த, கவலை நிறைந்த என்று பொருள்பட்டது. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலிய மொழிபெயர்ப்பில், பிலிப்பியர் திருமுகத்தின் நான்காம் இயலில் இச்சொல் கவலைப்படுதல் என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. எதற்கும் கவலை கொள்ளாதீர் என்பது அங்குக் கூறப்படும் அறிவுரை. இன்றைய ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் அவ்வரியைப் படிப்பின், எதிலும் கவனமாக இராதீர் என்று நேர்மாறாகப் பொருள் கொள்ள இடமுண்டு.

'கேர்' என்னும் சொல்லில் கவனம் என்னும் பொருள் வலுப்பெற்றபோது, 'கேர்லெஸ்' என்பது கவனமற்ற என்னும் குற்றச்சொல்லாகியது. பழைய நற்பொருளுக்கு உரிய சொல்லிடம் வெற்றிடமாயிற்று. அவ்விடத்தை நிரப்பவே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'கேர்ஃப்ரீ' என்னும் தொடர்ச்சொல் ஆங்கிலத்தில் இடம்பெறத் தொடங்கியது. வயதில் இளைய இச்சொல் மிகப் பழைய ஒரு பொருளைத் தாங்கி நிற்கிறது.

இவ்விரு ஈறுகளின் வேறுபாடும் கருதத்தக்கது. 'லெஸ்' என்பது ஒன்று இல்லாத குறையைக் காட்டும் இயல்புடையது. 'ஃப்ரீ' என்பது ஒன்றிலிருந்து விடுதலை பெற்ற நிலையைக் காட்டும். பிள்ளைப்பேறு இல்லாதவரைக் குறிக்கும் 'சைல்ட்லெஸ்', பிள்ளை வேண்டாம் என்று தாமே முடிவு செய்தவரைக் குறிக்கும் 'சைல்ட்ஃப்ரீ' ஆகியவற்றை ஒப்பிட்டால் இது தெளிவாகும். எனவே 'கேர்லெஸ்' என்பது இருக்கவேண்டிய ஒன்று இல்லாமை. 'கேர்ஃப்ரீ' என்பது இருக்கவேண்டாத ஒன்று நீங்கியமை. அடிச்சொல் ஒன்றாயினும் முன்னதில் அது கவனத்தைக் குறிக்கிறது. பின்னதில் கவலையைக் குறிக்கிறது.

3. இலத்தீன், பிரெஞ்சு வழிவந்த சொற்கள்

கவலையின்மையைக் குறிக்க ஆங்கிலம் பிற மொழிகளிலிருந்தும் சொற்களைப் பெற்றுள்ளது. இலத்தீனில் 'சே' என்பது இன்றி எனவும் 'கூரா' என்பது கவலை எனவும் பொருள்படும். இவ்விரண்டும் சேர்ந்து உருவான சொல்லே ஆங்கிலத்தில் 'செக்யூர்' என வழங்குகிறது. பாதுகாப்பான என்று இன்று நாம் பொருள் கொள்ளும் இச்சொல்லின் நேர்ப்பொருள் கவலையற்ற என்பதே. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இச்சொல் மிகை நம்பிக்கையால் விழிப்பின்றி இருத்தலையும் குறித்தது. 'மாக்பெத்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் 'செக்யூரிட்டி' மனிதர்க்குப் பகையாகக் கூறப்படுவது இப்பொருளிலேயே ஆகும். கவலையின்மை எல்லை மீறின் விழிப்பின்மையாகும் என்பதை இச்சொல்லின் வரலாறே காட்டுகிறது.

'சினெக்யூர்' என்னும் சொல்லும் இதே வேரினது. ஆன்மாக்களைப் பேணும் கடமையைக் கிறித்துவத் திருச்சபை 'கூரா' என்று குறித்தது. அக்கடமை இன்றி வருவாய் மட்டும் தரும் பதவி 'சினெக்யூர்' எனப்பட்டது. இன்று உழைப்பின்றி ஊதியம் தரும் எப்பதவியையும் அது குறிக்கும். பங்கு மக்களைப் பேணும் பொறுப்பு உடையவருக்கு அதே வேரிலிருந்து 'கியூரெட்' என்னும் பெயர் அமைந்தது. ஒருவர் பொறுப்பின்றி வருவாய் பெற்றபோது, பேணும் கடமை மறைந்துவிடவில்லை. பிறிதொருவர் தோளுக்கு மாறியது.

'நான்சலன்ட்' என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. இதன் மூலம் வெப்பமாயிருத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினை. ஒன்றைக் குறித்து உள்ளம் சூடேறாமல் இருப்பவரே 'நான்சலன்ட்'. இச்சொல் உள்ளத்தைவிடத் தோற்றத்தையே மிகுதியும் சுட்டும். உள்ளே பதற்றம் இருப்பினும் வெளியே காட்டாதவரையும் இச்சொல்லால் குறிக்கலாம். 'பட்டும் படாமலும்', 'அலட்டிக்கொள்ளாமல்' என்னும் தமிழ் வழக்குகள் இதற்கு மிக நெருங்கியவை.

'இன்சூசியன்ட்' என்பது கவலையைக் குறிக்கும் 'சூசி' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. பெர்லினுக்கு அருகிலுள்ள போட்ஸ்டாமில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1745 முதல் 1747 வரை கட்டிய கோடை அரண்மனைக்குச் 'சான்சூசி' என்று பெயர். கவலையின்றி என்பது அதன் பொருள். ஆட்சிச் சுமை மிக்க அம்மன்னர் 1756 முதல் 1763 வரை ஏழாண்டுப் போரையும் நடத்தினார். கவலையின்மையைத் தம் இயல்பாக அன்றித் தாம் நாடிச் செல்லும் இடமாகவே அவர் கொண்டார் என்பதை அப்பெயர் புலப்படுத்துகிறது.

'சூசி' என்னும் சொல்லின் இலத்தீன் மூலத்திலிருந்தே 'சொலிசிட்டர்' என்னும் சொல்லும் பிறந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழக்குரைஞர் தம் பெயரோடு இணைத்துக்கொள்ளும் தொழிற்பெயர் அது. பிறர் காரியத்தைத் தம் கவலையாக ஏற்று நடத்துபவர் என்பது அதன் உட்பொருள்.

4. இன்றைய ஆங்கில வழக்கு

இன்றைய ஆங்கிலத்தில் 'கேர்ஃப்ரீ' என்பது பெரும்பாலும் காலத்தையும் வாழ்நிலையையும் குறிக்கும் பெயர்களோடு சேர்ந்து வருகிறது. இளமைப் பருவம், விடுமுறை நாள், கோடைக்காலம், சிரிப்பு, வாழ்க்கை ஆகியவற்றுக்கு அது அடையாகும். அவ்விடங்களில் அது முழுமையான நற்பொருளே தரும். கவலை எதனைப் பற்றியது என்பது அங்குக் கூறப்படுவதில்லை. பன்மையில் 'கேர்ஸ்' என்னும்போது வாழ்க்கைத் தொல்லைகள் பலவும் அடங்கும். 'கேர்ஃப்ரீ' என்பது அவற்றினின்றும் விடுபட்ட நிலை.

மனப்போக்கைக் குறிக்கும் சொல்லோடு சேரும்போது நிலைமை மாறுகிறது. பணத்தைப் பற்றி ஒருவர் 'கேர்ஃப்ரீ'யாக இருக்கிறார் என்றால், அவர் கணக்குப் பாராமல் செலவிடுகிறார் என்னும் குறை தொனிக்கும். வண்டியோட்டும் முறையைக் குறிப்பின் குறை இன்னும் மிகும். பொறுப்புக்குரிய பொருள் ஒன்று அருகில் வந்தவுடன் 'கேர்ஃப்ரீ' என்பது 'கேர்லெஸ்' என்பதன் எல்லையைத் தொடுகிறது. துணி, தோட்டச்செடி முதலியவற்றின் விளம்பரங்களில் இது பராமரிப்புத் தேவைப்படாத என்னும் பொருளிலும் வரும். அங்குக் கவலை என்னும் சொல்லுக்கே இடமில்லை.

உறவுச் சொற்களுள் 'ஹேப்பி-கோ-லக்கி' என்பது வருவது வரட்டும் என்று நற்பேற்றை நம்பி வாழும் இயல்பைக் குறிக்கும்; 'ஹேப்' என்னும் அடிச்சொல்லுக்குத் தற்செயல் என்பது பொருள். 'பிளைத்' என்பது பழைய ஆங்கிலத்தில் மகிழ்ச்சியையும் கனிவையும் குறித்தது. இன்று அதன் வினையடை வடிவம் பிறர் துன்பத்தை உணராமல் செயல்படுவதைச் சுட்டப் பெரிதும் பயன்படுகிறது. பழைய நூல்களில் களிப்பும் கவலையின்மையும் உடையவரைக் குறித்த 'கே' என்னும் சொல் இன்று முதன்மையாகத் தற்பாலீர்ப்புடையோரைக் குறிக்கிறது. நூலின் காலம் நோக்காது இச்சொற்களைப் பெயர்த்தல் கூடாது.

5. தமிழில் 'கவலை'

தமிழில் கவலை, கவனம், அக்கறை, பராமரிப்பு என்பன தனித்தனிச் சொற்கள். ஆதலின் ஆங்கிலத்தில் நேரும் குழப்பம் தமிழில் நேராது என்று தோன்றலாம். உண்மை அவ்வாறில்லை. தமிழ்க் 'கவலை'க்கும் இரு முகங்கள் உண்டு.

கவலை மனத்தை அரிக்கும் சுமையாகும்போது அதன் நீக்கம் விரும்பத்தக்கது. 'இனிக் கவலையில்லை' என்று நாம் பெருமூச்சு விடுவது அப்போதுதான். கவலை ஒருவரின் கடமையுணர்வைக் காட்டும்போதோ அதன் இன்மை குற்றமாகிறது. 'தேர்வு நெருங்கிவிட்டது, அவனுக்குக் கவலையே இல்லை' என்று தாய் கூறுவது பாராட்டு அன்று. இங்குக் கவலை என்பது அக்கறை என்னும் பொருளில் நிற்கிறது.

இவ்விரு முகங்களையும் வேறுபடுத்தும் குறிகள் தொடரமைப்பிலேயே உள்ளன. முதலாவது, 'பற்றி' என்னும் சொல்லுருபின் வருகை. எதனைப் பற்றிய கவலை என்று சுட்டப்படுமாயின், அதன் இன்மை பெரும்பாலும் அக்கறையின்மையாகும். இரண்டாவது, அடைகொள்ளும் பெயர். 'கவலையற்ற பருவம்', 'கவலையற்ற உறக்கம்' என்பன நற்பொருள் தருவன. 'கவலையற்றவன்', 'கவலையில்லாத பையன்' என ஆளைச் சுட்டும்போது, குறிப்பாக அவ்வாள் மாணவனாகவோ குடும்பத் தலைவனாகவோ இருக்கும்போது, பழிப்பொருள் முந்துகிறது. மூன்றாவது, பேசுவோரும் பேசும் இடமும். பாட்டி பேரனை மடியில் இட்டுக்கொண்டு கூறும் அதே சொல், பள்ளி வழங்கும் தாளில் வரும்போது தீர்ப்பாக ஒலிக்கிறது.

முற்கூறிய தந்தையின் முகம் மாறியமைக்குக் காரணம் இப்போது விளங்கும். ஆசிரியை கூறிய தொடரில் ஆள் மாணவன். இடம் பள்ளிச் சான்றிதழ். இரண்டும் பழிப்பொருளையே முன்னிறுத்தின.

'அற்ற' என்னும் ஈறும் நமக்கு உதவவில்லை. 'குற்றமற்ற', 'மாசற்ற' என்பவற்றில் அது நன்மை. 'பண்பற்ற', 'பொறுப்பற்ற' என்பவற்றில் தீமை. ஆங்கிலத்தின் 'லெஸ்', 'ஃப்ரீ' என்னும் இரண்டின் பணியையும் தமிழில் 'அற்ற' என்னும் ஓர் ஈறே ஆற்றுகிறது. எனவே நன்மையும் தீமையும் அடிச்சொல்லால் அறியப்படும். அடிச்சொல்லே இருமுகம் கொண்டதாயின் கேட்போர் தாம் அஞ்சுவதையே கேட்பர்.

6. வினைச்சொல் காட்டும் வேறுபாடு

ஈற்றால் காட்டவியலாத வேறுபாட்டைத் தமிழ் வினையால் காட்டுகிறது. இது நம் ஆசிரியர்கள் பெரிதும் பயன்கொள்ளத்தக்க செய்தியாகும். 'கேர்ஃப்ரீ' என்னும் ஆங்கிலச் சொல் கவலை இல்லை என்று மட்டுமே கூறும். அஃது எவ்வாறு இல்லாமற்போயிற்று என்று கூறாது. தமிழ் அதனையும் சேர்த்தே கூறவல்லது.

கவலை அறியாமை என்பது ஒரு நிலை. குழந்தைக்குக் கவலை இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே 'கவலையறியாப் பருவம்' என்கிறோம். கவலை மறத்தல் பிறிதொரு நிலை. விடுமுறையில் கடற்கரைக்குச் சென்ற தொழிலாளிக்குக் கவலை உண்டு. அன்று ஒருநாள் அதனை மறந்திருக்கிறார். கவலை நீங்குதல் என்பது கடன் அடைத்தவர், நோய் தீர்ந்தவர் அடையும் நிலை. கவலை துறத்தல் என்பது துறவியின் நிலை. 'நிச்சிந்தை' என்னும் வடசொல்லும் இதற்கு நெருங்கியது. கவலை கொள்ளாமை என்பது இடர் எதிரே நின்றும் கலங்காதவரின் நிலை. கவலைப்பட மறுத்தல், அதாவது எனக்கென்ன என்று இருத்தல், பொறுப்பற்றவரின் நிலை. 'ஏனோதானோ', 'விட்டேற்றியாக' என்னும் வழக்குகள் இந்த இறுதி நிலைக்கே உரியவை.

இவ்வாறு நோக்கின் 'கேர்ஃப்ரீ' என்பதற்குத் தமிழில் ஒரே நிகரன் தேடுவது பொருந்தாது. இவ்விடத்தில் கவலை எவ்வாறு இல்லாமற்போயிற்று என்று வினவுவதே மொழிபெயர்ப்பாளரின் முதற்பணி. விடை கிடைப்பின் வினை தானே அமையும்.

7. திருக்குறளில் இருவேறு நிலைகள்

கவலையின்மையும் கவனமின்மையும் ஒன்றல்ல என்னும் தெளிவு தமிழ் மரபுக்குப் புதியதன்று. திருக்குறள் பொருட்பாலின் அரசியல் பகுதியில் இவ்விரண்டுக்கும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. 54ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமை, மகிழ்ச்சி மிகுதியால் கடமையை மறக்கும் சோர்வைக் கண்டிக்கிறது. அளவு கடந்த சினத்தைக் காட்டிலும் அச்சோர்வு தீயது என்று அவ்வதிகாரத்தின் முதற்குறள் கூறுகிறது. களிப்பு மிகும் வேளையில், அதே சோர்வால் முன்னர்க் கெட்டவர்களை நினைத்துப் பார்க்குமாறு 539ஆம் குறள் அறிவுறுத்துகிறது. 'செக்யூரிட்டி' என்னும் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தார் கண்ட அச்சம் இங்கு அறிவுரையாக அமைந்துள்ளது.

அரசியல் பகுதியின் இறுதி அதிகாரமாகிய 63ஆம் அதிகாரம் இடுக்கண் அழியாமை. துன்பம் வரும்போது நகுக என்று அது தொடங்குகிறது. இங்கு நகுபவர் துன்பத்தை உணராதவர் அல்லர். கடமையை விட்டவரும் அல்லர். துன்பத்தை அறிந்தும் அதனால் உள்ளம் உடையாதவர். ஆட்சிப் பொறுப்பு உடையவனுக்கு விழிப்பு வேண்டும், கலக்கம் கூடாது என்பது இவ்விரு அதிகாரங்களையும் இணைத்துக் காணும்போது பெறப்படும் கருத்து. கவனம் இருக்க, கவலை நீங்கிய நிலை அது. கடவுள் வாழ்த்தில் 7ஆம் குறளில் 'மனக்கவலை' என்னும் சொல்லும் ஆளப்பட்டுள்ளது; அதனை மாற்றல் அரிது என்பதே அங்குக் கூறப்படும் செய்தி. கவலையின்மையை எளிதில் வாய்க்கும் ஒன்றாக வள்ளுவர் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

8. மலாய்ச் சூழலின் தாக்கம்

நம் மாணவர்கள் தமிழோடும் ஆங்கிலத்தோடும் மலாய்மொழி வழங்கும் சூழலிலும் வாழ்கின்றனர். மலாயில் 'திடாக் அப்பா' என்னும் தொடர் நாள்தோறும் செவியில் விழுவது. ஒருவர் மன்னிப்புக் கேட்கும்போது 'பரவாயில்லை' என்னும் பொருளில் இது கூறப்படும். அங்கு அது பெருந்தன்மையும் பண்பும் உடையது. அதே தொடர் ஒருவரின் மனப்போக்குக்குப் பெயராகும்போது, எதையும் பொருட்படுத்தாத மெத்தனத்தைக் குறிக்கும். மலேசிய, சிங்கப்பூர் ஆங்கிலப் பேச்சிலும் இது இப்பழிப்பொருளோடு வழங்குகிறது.

ஒரு நிகழ்ச்சிக்கு மறுமொழியாகும்போது நற்பண்பு. ஓர் ஆளின் நிலையான இயல்பாகும்போது குறை. தமிழ்க் 'கவலையில்லை' என்பதற்கு நாம் மேலே கண்ட வேறுபாடும் இதனோடு ஒத்துச் செல்கிறது. இவ்வொப்புமையை எடுத்துக்காட்டினால் மும்மொழிச் சூழலில் வளரும் மாணவர் எளிதில் உணர்வர்.

9. வகுப்பறையில்

வகுப்பறைப் பயிற்சிக்குச் சில எடுத்துக்காட்டுகளைத் தரலாம். 'கேர்ஃப்ரீ சைல்ட்ஹுட்' என்பதைக் கவலையறியாக் குழந்தைப் பருவம் எனலாம். 'கேர்ஃப்ரீ ஹாலிடே' என்பது கவலை மறந்து கழித்த விடுமுறை. 'கேர்ஃப்ரீ லாஃப்' என்பதைக் கள்ளமற்ற சிரிப்பு என்றோ மனம்விட்டுச் சிரித்த சிரிப்பு என்றோ கூறலாம். இங்குக் கவலை என்னும் சொல்லே வேண்டுவதில்லை. ஓய்வுபெற்றோர் விரும்பும் 'கேர்ஃப்ரீ லைஃப்' நிம்மதியான வாழ்க்கை. பணத்தைப் பற்றிய 'கேர்ஃப்ரீ' மனப்போக்கை, கணக்குப் பாராத போக்கு என்று பெயர்ப்பதே நேர்மையானது. மெல்லிய குறையை மறைப்பதும் மிகைப்படுத்துவதும் மொழிபெயர்ப்பாளர்க்கு அழகல்ல.

மாணவர்களிடம் இச்சொற்களை அளித்து, ஒவ்வொன்றிலும் கவலை எவ்வாறு இல்லாமற்போயிற்று, அதனை இப்போது தாங்குபவர் யார் என்னும் இரு வினாக்களை எழுப்பச் செய்யலாம். இரண்டாம் வினா விளையாட்டாகத் தோன்றினும் பொருளாழம் உடையது. 'சினெக்யூர்', 'சொலிசிட்டர்' ஆகிய சொற்களின் வரலாறு அதனையே நமக்கு உணர்த்துகிறது.

முடிவுரை

'கேர்ஃப்ரீ' என்பது கவலையிலிருந்து பெற்ற விடுதலையைக் குறிக்கும் சொல். கவனத்தைக் கைவிடுதலைக் குறிப்பதன்று. எனினும், பொறுப்புக்குரிய பொருளோடு சேரும்போது ஆங்கிலத்திலும் அது குறையை நோக்கிச் சாய்கிறது. தமிழில் 'கவலையற்ற' என்பதற்கும் இத்தகைய சாய்வு உண்டு. ஆளைச் சுட்டும்போது அது மிகுகிறது. அறிதல், மறத்தல், நீங்குதல், துறத்தல் முதலிய வினைகளைக் கொண்டு இவ்விடரைத் தமிழ் தன்னியல்பாகவே தீர்க்கவல்லது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயன்றது.

நற்சான்றிதழ் எழுதும் ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அம்மாணவனைப் பற்றி எழுதியவர் அவனுடைய மகிழ்ந்த முகத்தைப் பாராட்ட எண்ணினாரா, படிப்பில் அவன் காட்டிய மெத்தனத்தை நாகரிகமாகச் சுட்ட எண்ணினாரா என்பதை அச்சொல் ஒன்றைக் கொண்டு உறுதி செய்ய இயலாது. வேலைக்கோ மேற்படிப்புக்கோ அச்சான்றிதழைக் காட்டும்போது, படிப்பவர் இரண்டில் எதையும் கொள்ளலாம். இருபொருள் தரும் அடையை விடுத்து, அவன் செய்தது இன்னது என்று எழுதுதலே மாணவனுக்கு நாம் செய்யும் நன்மை.

தமிழாசிரியையிடம் நாம் கூறிய விளக்கம் இதுவே: "மனத்தில் சுமையின்றி, சிரித்த முகத்தோடு எல்லாரிடமும் பழகும் பிள்ளை" என்று அத்தந்தைக்குச் சொல்லியிருக்கலாம். அச்சொல்லுக்குக் குறைப்பொருளும் உண்டு என்பதை மறைக்காமல், ஐயமிருப்பின் பள்ளியிலேயே கேட்டுத் தெளியுமாறும் கூறியிருக்கலாம். ஆசிரியை அவ்வாறே அவரை மீண்டும் சந்தித்து விளக்கியதாகப் பின்னர்த் தெரிவித்தார். தந்தை சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவனுக்குக் கவலை தெரியக்கூடாதுன்னுதானே நான் ராத்திரியெல்லாம் லோரி ஓட்டினேன்" என்றாராம். அகராதிகள் தாராத பொருளை அவர் ஒரு தொடரில் கூறிவிட்டார். கவலையறியாது ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறது எனின், அதன் கவலையை யாரோ ஒருவர் தாங்கியிருக்கிறார். அச்சொல்லைத் தமிழில் எழுதும்போதெல்லாம் தாங்கியவரையும் நாம் நினைவிற்கொள்ளுதல் தகும்.